மேடையில் சின்னம், நாற்காலியில் ஆளில்லை: கோலாலம்பூரில் ஒரு கண்காட்சியும் ஓர் இரசாயனத் துறைச் சங்கமும்

இரண்டாம் நாள், பிற்பகல் இரண்டே முக்கால். கருத்தரங்க அறையில் அறுபது நாற்காலி போட்டிருந்தோம். உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் மூன்று பேர் எங்கள் அலுவலகப் பிள்ளைகள். "முன்வரிசை காலியாத் தெரியக் கூடாது, போய் உக்காருங்க" என்று நானே அனுப்பி வைத்தவர்கள். மேடைக்குப் பின்னால் தொங்கிய பதாகையில் சங்கத்தின் சின்னம் கிட்டத்தட்ட என் உயரத்துக்கு இருந்தது. பேச வந்தவர் அந்தச் சின்னத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பிறகு நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு பேச ஆரம்பித்தார்.

நான் கோலாலம்பூரில் ஒரு நடுத்தரக் கண்காட்சி ஏற்பாட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சங்கங்கள், அரசு அமைப்புகள் இவற்றோடு பேசி ஆதரவு வாங்குவது என் பொறுப்பு. மேலே சொன்னது எங்கள் இரசாயனத் துறைக் கண்காட்சியின் முதல் பதிப்பு. நிறுவனத்தின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. முதல் பதிப்பில் எது கெட்டது, இரண்டாம் பதிப்பில் எதை மாற்றினோம், மாற்றியும் எது சரியாகவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

சங்கம் என்றால் எந்தச் சங்கம்?

இந்த வேலையில் சேர்ந்த புதிதில், "நாளைக்குச் சங்கத்தோட மீட்டிங்" என்று வீட்டில் சொன்னேன். அம்மா கேட்டார்: "நம்ம தோட்டச் சங்கமா?" எங்கள் வீட்டில் சங்கம் என்றால் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்தான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இது முதலாளிகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் என்று விளக்கினேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்களும் சந்தா கட்டுறாங்கல்ல, கட்டுறவங்களுக்கு அது என்ன குடுக்குது?" என்றார்.

அந்தக் கேள்வியை அன்றைக்கே குறித்து வைத்திருந்தால் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு வருஷ நஷ்டம் மிச்சமாகியிருக்கும்.

மலேசியாவில் இரசாயனத் துறைக்கு ஒரே ஒரு சங்கம் என்று எதுவும் கிடையாது. மலேசிய உற்பத்தியாளர் சம்மேளனத்தோடு இணைந்த இரசாயனத் தொழில்துறை மன்றம் இருக்கிறது. பெட்ரோ இரசாயன நிறுவனங்களுக்குத் தனிச் சங்கம். பனை எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலமும் கிளிசரினும் எடுப்பவர்களுக்குத் தனிக் குழு. பிளாஸ்டிக் உற்பத்தியாளர்களின் சங்கம் 1967இலிருந்து நடக்கிறது. ரப்பர் கையுறை உற்பத்தியாளர்களுக்கு மார்க்மா. வேதியியலாளர்களுக்கு, அதாவது கம்பெனிகளுக்கு இல்லாமல் தனிமனிதர்களுக்கு, இன்ஸ்டிட்யூட் கிமியா மலேசியா. வெளியிலிருந்து பார்க்கிற ஏற்பாட்டாளருக்கு எல்லாமே 'சங்கம்' என்ற ஒரே பெட்டியில் விழும். நாங்களும் அப்படித்தான் போட்டோம்.

முதல் பதிப்பு: கையெழுத்தும் போட்டோவும்

ஒப்பந்தம் ஒரு ஹோட்டலில் நடந்தது. சங்கத் தலைவர் டத்தோ என்ற கௌரவப் பட்டம் பெற்றவர். பேனாவைப் பிடித்தபடி மூன்று தடவை போட்டோ எடுத்தோம். முதல் தடவை பதாகை சரியாக விழவில்லை, இரண்டாம் தடவை எங்கள் இயக்குநர் கண்ணை மூடிவிட்டார். புரிந்துணர்வு ஒப்பந்தம் இரண்டு பக்கம். சங்கம் தன் சின்னத்தைத் தரும், தொடக்க விழாவில் தலைவர் பேசுவார், உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். பதிலுக்கு ஒன்பது சதுர மீட்டர் பூத் இரண்டு இலவசம், உறுப்பினர்களுக்குப் பூத் வாடகையில் கழிவு, விருந்தில் ஒரு மேசை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தச் சின்னத்துக்கு வேலை இல்லாமல் போகவில்லை. வெளிநாட்டுக்காரர்களிடம் பூத் விற்கப் போன எங்கள் ஆட்களுக்கு அது சாவி மாதிரி இருந்தது. "உள்ளூர்த் துறை உங்கள் பின்னால் இருக்கிறதா?" என்பதுதான் சீனாவிலும் இந்தியாவிலும் முதலில் கேட்கிற கேள்வி. சங்கத்தின் கடிதத்தைக் காட்டினால் அடுத்த கேள்வி விலைக்குப் போய்விடும். பூத்கள் விற்றன. தரைப்படம் நிறைந்தது. அதைப் பார்த்து நாங்களே ஏமாந்தோம். பூத் எடுத்தவர்கள் வந்தார்கள், பார்க்க வேண்டியவர்கள் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானத்திலேயே சிலர் சாமானைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த பதிப்பை விற்கப் போகிற ஆளுக்கு அதைவிடக் கஷ்டமான காட்சி இல்லை.

ஏன் வரவில்லை?

சங்கம் சோம்பேறி, மின்னஞ்சலே அனுப்பவில்லை என்றுதான் எங்கள் அலுவலகத்தில் முதலில் பேச்சு. அனுப்பியிருந்தார்கள், இரண்டு தடவை. சங்கத்தின் நிர்வாகச் செயலாளரோடு பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் பிரிந்து வந்தது.

முதலாவது, வெள்ளிக்கிழமை. கோலாலம்பூரில் வணிகக் கண்காட்சி என்றால் புதன், வியாழன், வெள்ளி என்பது பழகிப்போன கணக்கு. முதல் இரண்டு நாள் மேலாளர்கள் வருவார்கள், வெள்ளிக்கிழமை ஆலைப் பொறியாளர்கள் வார விடுமுறையோடு சேர்த்து வருவார்கள் என்று நாங்கள் திட்டம் போட்டிருந்தோம். மலேசியாவின் பெட்ரோ இரசாயன ஆலைகள் எங்கே இருக்கின்றன? திரெங்கானுவில் கெர்த்தே, பகாங்கில் கெபெங், ஜொகூரில் பாசிர் கூடாங்கும் பெங்கெராங்கும். திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எங்கள் முதல் பதிப்பு நடந்தபோது ஜொகூரிலும் அதுதான் நடைமுறை. அங்கே 2025 ஜனவரி 1இலிருந்துதான் சனி, ஞாயிறுக்கு மாறினார்கள். ஆக, ஆலைக்காரர்களுக்கென்று நாங்கள் ஒதுக்கிய நாளில் அவர்கள் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். வந்த கொஞ்சம் பேரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட, மத்தியானம் ஹால் காலியாகக் கிடந்தது. இதைச் சொல்ல ஆலோசகர் யாரும் தேவையில்லை. சங்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. ஹால் எந்த வாரம் கிடைக்கிறதோ அந்த வாரத்தைப் பிடித்துவிட்டு, தேதியை அவர்களுக்குத் தெரிவித்தோம்.

இரண்டாவது, ஷட்டவுன். பெரிய ஆலையைச் சோதனைக்காக நிறுத்தினால் அந்த வாரங்களில் பராமரிப்புப் பொறியாளர் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே லீவு கேட்க முடியாது. எங்கள் தேதி அப்படி ஒன்றின் நடுவில் விழுந்தது. ஷட்டவுன் தேதிகளைக் கம்பெனிகள் வெளியே சொல்லாது என்றாலும், அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு எந்த மாதத்தைத் தொடக்கூடாது என்பது தெரியும்.

மூன்றாவதுக்கு நான் வந்து சேர ரொம்ப நாள் ஆயிற்று. முக்கியமானதும் அதுதான். சங்கத்தில் உறுப்பினர் என்பது ஒரு கம்பெனி. கம்பெனி சார்பில் சங்கத்தின் கடிதங்களைப் பெறுகிறவர் ஒருவர், பெரும்பாலும் பொது மேலாளர், அல்லது சட்டதிட்ட விவகாரங்களைக் கவனிக்கிறவர். பம்பு வாங்குகிறவர், வால்வு மாற்றுகிறவர், ஆய்வகத்துக்குக் கருவி தேடுகிறவர், பாதுகாப்பு அதிகாரி இவர்களில் ஒருவருக்கும் அந்த மின்னஞ்சல் போவதில்லை. சங்கம் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டது. கதவுக்குப் பின்னால் இருந்த ஆளுக்கு எங்கள் கண்காட்சியால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உறுப்பினர் பட்டியலையே கொடுங்கள், நாங்கள் நேரடியாக ஆலைக்காரர்களைப் பிடிக்கிறோம் என்று எங்கள் விற்பனைப் பிரிவு கேட்டது. செயலாளர் சிரித்தபடியே மறுத்தார். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சந்தா கட்ட எழுதிக்கொடுத்த தொலைபேசி எண்ணைப் பூத் விற்கிறவர் கையில் கொடுக்க முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும் கொடுக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். பட்டியலைக் கேட்கிற ஏற்பாட்டாளர் கூட்டாளி தேடவில்லை, தபால்காரனைத் தேடுகிறார்.

உப்பியிருந்த பாட்டில்

சங்கத்திலிருந்து எங்கள் அழைப்புக்காக இல்லாமல் தானாகவே வந்தவர் ஒருவர் உண்டு. பாதுகாப்புக் குழுவில் இருந்தவர், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு ஆலையில் வேலை, ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. தமிழர். முதல் நாள் காலை பத்தரைக்கு அவர் ஒரு பூத்தில் நின்று மேசையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். ஏதோ வாங்கப் போகிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

மேசையில் மாதிரிப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்தில், அசிட்டோன். அவர் பெராக்சைடு பாட்டிலைத் தொடவில்லை, விரலை மட்டும் காட்டினார். பிளாஸ்டிக் பாட்டிலின் வயிறு லேசாக உப்பியிருந்தது.

"தம்பி, இது என்னான்னு தெரியுதா?"

"தெரியலண்ணே."

"பெராக்சைடு சும்மா இருக்கும்போதே கொஞ்சங்கொஞ்சமா ஆக்சிஜன் விடும். அதுக்குத்தான் மூடியில காத்துப் போற ஓட்டை வச்சிருப்பான். இவன் சாதா மூடி போட்டு முறுக்கி வச்சிருக்கான். பக்கத்துல தீப்பிடிக்கிற சரக்கு வேற. மேல பாரு, எத்தன லைட்டு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "யார்கிட்ட சொல்லணும் இங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மண்டபத்தின் விதிப்புத்தகத்தில் ஆபத்தான பொருளைக் கொண்டுவர முன்அனுமதி வேண்டும் என்ற வரி இருந்தது. நாங்கள் அதைப் பூத் எடுத்தவர்களுக்கான கையேட்டில் அப்படியே ஒட்டியிருந்தோம். ஹாலில் நடந்து பார்க்கிற ஆள் என்று யாரும் இல்லை. கடைசியில் அவரே அந்த வெளிநாட்டு விற்பனையாளரிடம் பொறுமையாகப் பேசி, மண்டபப் பாதுகாப்பு ஆட்களைக் கூப்பிட வைத்து, இரண்டையும் தனித்தனியாக அப்புறப்படுத்த வைத்தார். அந்தப் பாட்டில்களின் லேபிளில் மலாயும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. 2013இல் வந்த விதிமுறைப்படி இங்கே வணிகத்துக்கு வரும் அபாயகர இரசாயனத்தின் லேபிளும் பாதுகாப்புத் தரவுத் தாளும் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும்.

பிறகு இருவரும் தே தாரிக் குடித்தோம். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். "எங்கம்மா ஸ்டோர்ல பாலுக்கு ஆசிட் ஊத்துனவங்க. கையில உறை கிடையாது, ஒண்ணும் கிடையாது," என்றார். ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றுகிற ஃபார்மிக் அமிலத்தைச் சொல்கிறார். எங்கள் வீட்டிலும் அந்த வாடையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சுங்கை பூலோவில் 1991 மே 7ஆம் தேதி பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் செத்ததை அவர் நேற்று நடந்தது போல் சொன்னார். வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1994இல். கனடாவில் 1985இல் தொடங்கிய 'ரெஸ்பான்ஸிபிள் கேர்' என்கிற, இரசாயனக் கம்பெனிகள் பாதுகாப்புக்குத் தாங்களே பொறுப்பேற்கும் இயக்கத்தை இங்கே இரசாயனத் தொழில்துறை மன்றம் கொண்டுவந்ததும் அதே 1994இல். "ஒரு சங்கத்துக்கு வேற என்னா வேலை இருக்கு தம்பி? கோட்டு போட்டுப் பேசுறதா?" என்றார்.

அம்மா கேட்ட கேள்விக்கு எனக்குப் பாதி விடை அந்த மேசையில் கிடைத்தது.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்

இரண்டாம் பதிப்புக்கு முன் நான் நாலைந்து கண்காட்சிகளைப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் விவரிக்கத் தேவையில்லை. எனக்குப் பயன்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மனியின் அகேமா இந்தத் துறையின் பாட்டன். மாக்ஸ் புக்னர் என்ற வேதியியலாளர் 1920இல் ஹனோவரில் அதை முதலில் நடத்தினார். இன்று அதை நடத்தும் தெகேமா என்ற அமைப்பு உருவானது 1926இல். அதாவது கண்காட்சி முதலில், சங்கம் பிறகு. கருவி செய்கிறவனையும் வேதியியல் தெரிந்தவனையும் ஒரு கூரைக்குக் கீழ் கொண்டுவந்தபோதுதான் இரண்டு பேருக்கும் பொதுவான அமைப்பு வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

செமிகான் தென்கிழக்காசியா எதிர்முனை. சங்கமே, அதாவது செமி என்ற குறைக்கடத்தித் துறை அமைப்பே, அதன் உரிமையாளர். 2015இல் அதைப் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். 1972இலிருந்து பாயான் லெப்பாஸில் ஆலைகள் நிற்கிற ஊர், சிலிக்கான் தட்டைக் கழுவும் அமிலமும் கரைப்பானும் அன்றாடம் செலவாகிற ஊர், பொருத்தமான இடம்தான். 2018இல் கோலாலம்பூரின் மிட்டெக் மண்டபத்துக்கு வந்தது, பிறகு பினாங்கு, மறுபடி கோலாலம்பூர், 2025இல் சிங்கப்பூர். உரிமையாளர் என்றால் இதுதான் பொருள். பாயும் படுக்கையும் அவர்களுடையது, எங்கே விரிப்பது என்பதும் அவர்கள் முடிவு. ஏற்பாட்டாளருக்கு அங்கே இடமே இல்லை.

கட்டடக்கலைக் கண்காட்சியான ஆர்க்கிடெக்ஸ் நடுவழி: மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கமும் ஒரு தனியார் ஏற்பாட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன.

என்னை அதிகமாக யோசிக்க வைத்தவை வேறு இரண்டு. கையுறைச் சங்கமான மார்க்மா தன் அனைத்துலக மாநாட்டையும் கண்காட்சியையும் கோலாலம்பூரில் நடத்துகிறது. நைட்ரைல் லேடெக்ஸ் விற்கிறவர், கால்சியம் நைட்ரேட் விற்கிறவர், இயந்திரம் விற்கிறவர் எல்லாரும் அங்கே பூத் எடுக்க வேண்டியதுதான், ஏனென்றால் சங்கத்தின் உறுப்பினர்கள் வாங்குகிறவர்கள். எங்கள் கூட்டாளிச் சங்கத்தின் உறுப்பினர்களோ விற்கிறவர்கள். விற்கிறவர்களின் சங்கத்தைப் பிடித்துக்கொண்டு வாங்குகிறவர்களை எதிர்பார்த்தோம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது.

லேப் ஏஷியா ஆய்வகக் கண்காட்சியில் கைகோத்திருப்பது இன்ஸ்டிட்யூட் கிமியா. 1975ஆம் ஆண்டின் வேதியியலாளர் சட்டம் அதற்குப் பின்புலம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தனிமனிதர். அங்கிருந்து போகிற அறிவிப்பு கருவியைக் கையால் தொடுகிற ஆளின் கைப்பேசிக்கே போய்விடும். எங்கள் கதவுப் பிரச்சினை அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது ஒப்பந்தம்

இதற்குப் போட்டோ எடுக்கவில்லை. பதினோரு பக்கம் வந்தது. பேசி முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று.

பணத்தில்தான் ஆரம்பித்தோம். விற்கிற ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் இவ்வளவு என்று தரகுத் தொகை தருகிறோம் என்றோம். இதைக் கேட்டால் எந்தச் சங்கமும் துள்ளும் என்று நினைத்தோம். செயலாளர் வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணம் எனக்கு அப்போது புதிது: தரகு வாங்கினால் சங்கம் எங்கள் விற்பனை முகவர் ஆகிவிடும், பூத் எடுக்காத உறுப்பினர் அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, என் சந்தாவில் நடக்கிற செயலகம் யாருக்கு வேலை செய்கிறது என்று கேட்பார். ஒரு நிலையான தொகை, வருமானம் எப்படிப் போனாலும் மாறாத தொகை, போதும் என்றார். அதோடு அவர் கேட்டவை மூன்று: தேதி குறிக்கும் முன் தங்களைக் கேட்க வேண்டும், ஹாலின் பாதுகாப்பு தங்கள் குழுவின் கையில் வர வேண்டும், கருத்தரங்கத்தின் ஒரு முழு நாளைத் தாங்களே அமைக்க வேண்டும், அதில் பூத் எடுத்தவர் என்ற காரணத்துக்காக யாரையும் மேடையேற்றக் கூடாது.

மூன்றாவதுதான் எங்கள் இயக்குநருக்கு வலித்தது. மேடையை விற்றுத்தான் நாங்கள் கருத்தரங்கச் செலவைக் கட்டுவோம். ஒரு மாதம் இழுத்து, ஒத்துக்கொண்டோம்.

அந்த ஒரு நாளை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது சுவாரசியமானது. பதிவுபெற்ற பாதுகாப்பு அதிகாரிகள் தங்கள் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளி சேர்க்க வேண்டும். சங்கம் அந்த நாள் நிகழ்ச்சியை வேலையிடப் பாதுகாப்புத் துறையில் புள்ளிக்குரியதாக ஒப்புதல் வாங்கியது. பட்டறைப் பகுதியை மனிதவள மேம்பாட்டு நிதியில் கோரக்கூடியதாக அமைத்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளத்தில் ஒரு சதவீதம் அந்த நிதிக்குக் கட்டுகிறார்கள். அது செலவாகாமல் கிடக்கிற வருத்தம் எல்லா மனிதவளப் பிரிவுக்கும் உண்டு. இப்போது பொது மேலாளருக்குப் போன மின்னஞ்சலை அவர் கீழே தள்ளிவிட ஒரு காரணம் இருந்தது: "இதுக்கு நம்ம சேப்டி ஆள அனுப்பு." முதல் பதிப்பில் கதவோடு நின்றது இப்போது உள்ளே போயிற்று. பட்டியல் எங்கள் கைக்கு வரவே இல்லை, வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வாங்குகிறவர்கள் விஷயத்துக்கு ஒரே வழிதான் தெரிந்தது. சங்கம் தன் கடிதத்தாளில், வாங்கும் துறைகளின் சங்கங்களுக்கு எழுதியது: பிளாஸ்டிக், வண்ணப்பூச்சு, கையுறை. நாங்கள் எழுதினால் விளம்பரம். ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்கு எழுதினால் பதில் போட்டாக வேண்டும்.

உறுப்பினர் வட்டமேசைக்கு ஒரு வழக்கறிஞர் குறிப்புத் தயாரித்தார். 2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. போட்டிக் கம்பெனிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து விலை, உற்பத்தி அளவு, யாருக்கு எந்த வாடிக்கையாளர் என்று பேச ஆரம்பித்தால், மேசை போட்ட சங்கத்துக்கும் சேர்த்துத் தலைவலி. இந்தச் சட்டத்தில் போட்டி ஆணையம் முதலில் கைவைத்தது கேமரன் மலையின் மலர் வளர்ப்போர் சங்கத்தின் மீது, பூ விலையைப் பத்து சதவீதம் ஏற்றச் சேர்ந்து முடிவெடுத்ததற்காக. பூக்காரர்களுக்கே இந்தக் கதி என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் குறிப்பு மேசை மேல் இருந்தது.

பிரிந்தால் என்ன ஆகும் என்ற பக்கத்தில்தான் அதிக நாள் போயிற்று. கண்காட்சியின் பெயர் யாருக்கு? பார்வையாளர் தரவு யாருக்கு? அடுத்த வருஷமே சங்கம் வேறு ஏற்பாட்டாளரோடு அதே மாதத்தில் வேறு கண்காட்சி வைக்கலாமா? பெயரும் பொதுத் தரவும் எங்களுக்கு. அந்த ஒரு நாள் நிகழ்ச்சியின் பெயரும், அதற்குப் பதிவு செய்தவர்களின் விவரமும் சங்கத்துக்கு. ஆறு மாத இடைவெளிக்குள் போட்டிக் கண்காட்சிக்கு இரண்டு பேரும் போகக் கூடாது. இப்படி முடித்தோம். இதையெல்லாம் கல்யாணப் பேச்சிலேயே விவாகரத்தைப் பேசுவதாக எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். பதிப்பு ஒன்று வெற்றியடைந்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் வக்கீலோடுதான் வருவார்கள்.

ஒப்பந்தம் ஒரு பதிப்புக்கு இல்லாமல் மூன்று பதிப்புக்கு. தலைவர்கள் தேர்தலில் வந்து போவார்கள். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட டத்தோ கண்காட்சி நடந்தபோது முன்னாள் தலைவர் ஆகியிருந்தார். புதியவருக்கு எங்களை அறிமுகப்படுத்தவே இரண்டு மாதம் ஆனது. இம்முறை தொடர்பாளராக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது செயலாளரின் பதவி.

இரண்டாம் பதிப்பு

செவ்வாய், புதன், வியாழன். எல்லா மாநிலங்களுக்கும் வேலை நாள். இதற்கு நாங்கள் கொடுத்த விலை, பூத் கட்டும் வேலை ஞாயிறு, திங்களில் விழுந்து, ஒப்பந்தக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூலி.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குப் பாதுகாப்புக் குழுவில் ஐந்து பேர் மஞ்சள் மேல்சட்டையோடு ஹாலைச் சுற்றினார்கள். முதல் பதிப்பில் உப்பிய பாட்டிலைக் காட்டிய அண்ணன்தான் முன்னால். மாதிரி கொண்டுவருகிற ஒவ்வொருவரும் தரவுத் தாளை முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும் என்பது புதிய விதி; பதினாறு பகுதி கொண்ட அந்தத் தாளில் பத்தாவது பகுதிக்கு, எது எதோடு சேரக்கூடாது என்று சொல்கிற இடத்துக்கு, அவர் நேராகப் போவார். சரியென்றால் மேசை ஓரத்தில் பச்சை ஸ்டிக்கர். இல்லையென்றால் பாட்டில் வெளியே. பெரும்பாலான கரைப்பான்களுக்குப் பதில் நீலச்சாயம் கலந்த தண்ணீரை வைக்கச் சொன்னார். ஒரு விற்பனையாளர், தண்ணீரை வைத்தால் நான் எதை விற்பது என்று சண்டைக்கு வந்தார். "சரக்க ஆலையில வந்து காட்டுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார் அண்ணன். பிறகு நிஜமாகவே கூட்டிப் போனதாகக் கேள்வி. பூத் எடுத்தவருக்கு நாங்கள் விற்ற எந்தப் 'பேக்கேஜிலும்' அது இல்லை.

மூன்றாம் நாள் காலை, பாதுகாப்பு நிகழ்ச்சிக்கு நாற்காலி பற்றாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்தோம். தேநீர் இடைவேளையில் அத்தனை பேரும் ஹாலுக்குள் இறங்கினார்கள். கையுறை, கண்ணாடி, கசிவு உறிஞ்சும் திண்டு, வாயு காட்டும் கருவி விற்ற பூத்களில் நல்ல கூட்டம்.

மற்ற இடங்களில் அப்படி இல்லை என்பதையும் எழுத வேண்டும். அடிப்படை இரசாயனம் விற்க வந்தவர்கள் இம்முறையும் முகம் சுளித்தார்கள். பாதுகாப்பு அதிகாரி டன் கணக்கில் காஸ்டிக் சோடா வாங்கமாட்டார். பிளாஸ்டிக், வண்ணப்பூச்சுத் துறையினர் வந்தார்கள், ஆனால் நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பொது மேலாளர்களுக்கென்று வைத்த மத்தியான விருந்து சோர்ந்துபோனது. பலருடைய கொள்முதல் முடிவு சிங்கப்பூரிலோ தலைமையகத்திலோ நடக்கிறது, அதை எங்கள் விருந்துச் சாப்பாடு மாற்றாது. சங்கத்தின் பெரிய உறுப்பினர்கள் இரண்டு பேர் இப்போதும் பூத் எடுக்கவில்லை. எங்கள் விற்பனைப் பிரிவுக்கு இது இன்னும் 'பாதுகாப்புக் கண்காட்சி' ஆகிவிட்டது என்ற மனக்குறை உண்டு. அவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. சங்கம் எதில் பலமோ அந்தப் பக்கம் கண்காட்சி சாய்ந்துவிட்டது. அதற்கு ஈடாக வாங்குகிறவர்களின் சங்கம் ஒன்றை இணை ஏற்பாட்டாளராகக் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம். மூன்று பேர் பங்கு கேட்டால் நமக்கு என்ன மிஞ்சும் என்பது இயக்குநரின் வாதம்.

சங்கத்தில் மறுபடி தேர்தல் முடிந்து புதுத் தலைவர் வந்திருக்கிறார். நிலையான தொகை குறைவு, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று பேசலாமே என்று கேட்டிருக்கிறார். நாங்கள் முன்பு நீட்டிய அதே தரகு. செயலாளர் அதைத் தன் குறிப்பு எதுவும் சேர்க்காமல் எனக்கு அனுப்பி வைத்தார். வரும் செவ்வாய்க்கிழமை உட்காருகிறோம். எங்கள் இயக்குநருக்குச் சம்மதம், எனக்கு இல்லை.

அண்ணன் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். குழுவில் தொடர்வாரா என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. நேற்று இரவு அவரிடமிருந்தே வாட்ஸ்அப் வந்தது: "தம்பி, இந்தத் தடவை ஞாயித்துக்கெழமையே வந்துர்றேன். லோடிங் கேட்டு எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"